ஸ்திரீயே, அம்மா, அம்மணி

மார்ச் 4, காலை

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகி எழுதியது, அப்படியே:

"அக்கா, என் மகனுக்கு ஏழு வயது. ஞாயிறு பள்ளியில் கானாவூர்க் கல்யாணம் நடத்தியிருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டான்: 'உங்களை நீ என்று சொன்னால் வாயிலேயே போடுகிறீர்கள், இயேசு மட்டும் அவங்க அம்மாவை ஸ்திரீயே, உனக்கு என்ன என்று கேட்கலாமா?' எனக்குப் பதில் வரவில்லை. என் மாமியார் கோயிலுக்குப் போகிறவர். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, 'பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வசனத்தை மாற்றி அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?"

மார்ச் 4, மதியம்

யோவான் 2:4. கல்யாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்துவிட்டது என்று தாய் வந்து சொல்கிறார், இயேசுவின் பதில்: "ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன, என் வேளை இன்னும் வரவில்லை." பழைய மொழிபெயர்ப்பில் இப்படித்தான் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அங்கே உள்ள சொல் 'குனாய்'. பெண்ணே என்று பொருள். அது வசைச்சொல் அல்ல. ஹோமரின் காவியத்தில் ஒடிசியஸ் தன் மனைவி பெனலோப்பியை அப்படித்தான் அழைக்கிறான். தோற்றுப்போய் நிற்கும் கிளியோபாத்ராவை அகஸ்டஸ் தேற்றும்போதும் அதே சொல்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் தியோ காசியஸ் எழுதிவைத்திருக்கிறார்.

இயேசுவையே எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்காகக் கெஞ்சிய கானானியப் பெண்ணிடம், "ஸ்திரீயே, உன் விசுவாசம் பெரிது." பதினெட்டு வருடம் கூனிக் கிடந்தவளிடம், கிணற்றங்கரைச் சமாரியப் பெண்ணிடம், கல்லறை வாசலில் அழுதுகொண்டு நின்ற மகதலேனா மரியாளிடம், எல்லாரிடமும் அதே சொல். இவர்களில் யாரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை.

நம் பக்கம் இதற்கு அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: அம்மணி. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்பதும் அம்மணி, பாட்டி பேத்தியை மடியில் இழுத்துக்கொள்வதும் அம்மணி. பையனிடம் இதைச் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு

மதியம் பள்ளி இடைவேளையில் அவசரமாக எழுதினேன். வீட்டுக்கு வந்து இரண்டு புத்தகங்களையும் எடுத்தேன்.

எங்கள் வீட்டில் வேதாகமம் இரண்டு. அய்யன் வழி சி.எஸ்.ஐ., அதாவது சீர்திருத்தத் திருச்சபை. அம்மா வழி கருமத்தம்பட்டிக் கத்தோலிக்கர். அய்யனுடையது கறுப்பு அட்டை, 1871-இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழி வந்தது. இன்னொன்று 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம். அது பெரியம்மாவின் பெட்டியோடு வந்தது. பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அம்மா போன பிறகு பதினோரு வருடமாக என்னோடுதான் இருக்கிறார். வயது 82. கண்புரை அறுவைக்குப் பிறகும் சிறிய எழுத்து தெரிவதில்லை, நான்தான் படித்துக் காட்டுவேன்.

திருவிவிலியத்தில் அந்த இடம்: "அம்மா, அதைப்பற்றி நாம் என்ன செய்ய முடியும்?" காதுக்கு இதமாக இருக்கிறது. இரண்டையும் படித்துக் காட்டினேன். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எப்படிச் சொன்னாரோ போ. அந்த அம்மாள் நேராகப் பந்தி பரிமாறுகிறவர்களிடம் போய், 'அவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள்' என்றார் அல்லவா? மகன் எடுத்தெறிந்து பேசியிருந்தால் எந்தத் தாய் அப்படிப் போவாள்? அடுப்படியில் போய் நின்று அழுதிருப்பாள்."

நான் ஹோமர் வரை போய்த் தேடியதை அவர் அடுத்த வரியிலேயே எடுத்துவிட்டார்.

மார்ச் 6

'ஸ்திரீயே' பற்றி மட்டும் எழுதிவிட்டு 'உனக்கும்' என்பதைத் தொடாமல் விட்டுவிட்டேன். பையனின் கேள்வியில் பாதி அதுதான்.

எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஒருமையில் மரியாதைக்கென்று தனி முன்னிலைச் சொல் கிடையாது. கடவுளுக்கும் அரசனுக்கும் அடிமைக்கும் கிரேக்கத்தில் ஒரே 'சூ'தான். தமிழில் அப்படி எழுத முடியாது. வாயைத் திறந்தால் நீ, நீர், நீங்கள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆகவே தமிழ் வேதாகமத்தில் வருகிற ஒவ்வொரு நீயும் நீரும் மொழிபெயர்த்தவர்கள் வைத்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய மொழிபெயர்ப்பைப் படித்தால் நெஞ்சு துடிக்கிறது. பிலாத்து கேட்கிறான்: "நீ யூதருடைய ராஜாவா?" கட்டுண்டு நிற்கிறவர் சொல்கிறார்: "நீர் சொல்லுகிறபடிதான்." நீதிபதி ஒருமையில் பேச, கைதி மரியாதையோடு பதில் சொல்கிறார். சிலுவையில் இருபுறமும் தொங்கிய கள்வர்களைப் பாருங்கள். ஒருவன், "நீ கிறிஸ்துவானால் உன்னையும் எங்களையும் இரட்சித்துக்கொள்" என்கிறான். மற்றவன், "ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்." மூலத்தில் இருவர் வாயிலும் ஒரே சொல். தமிழில் நீ சொன்னவன் ஒருபக்கம், நீர் சொன்னவன் மறுபக்கம். மொழிபெயர்த்தவர்கள் அவன் மனந்திரும்பியதை ஒரு 'ர்' ஒற்றில் வைத்துவிட்டார்கள். இதற்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் அதே ஆட்கள் கானாவூரில் ஏன் இப்படிச் செய்தார்கள்? மாற்கு 5-இல் கல்லறைகளில் அலைந்த பிசாசு பிடித்தவன் கத்துகிறான்: "எனக்கும் உமக்கும் என்ன?" எலியா தங்கியிருந்த வீட்டு விதவை, பிள்ளை செத்த ஆத்திரத்தில், "தேவனுடைய மனுஷனே, எனக்கும் உமக்கும் என்ன?" என்கிறாள். 'என்னை ஏன் இதில் இழுக்கிறீர்' என்று சொல்லும் பழைய எபிரேய வழக்கு அது. எல்லா இடத்திலும் ஒரே தொடர். பிசாசு பிடித்தவன்கூட 'உமக்கும்' என்கிறான். பெற்ற தாய்க்கு மட்டும் 'உனக்கும்'. தேவகுமாரன் மனுஷியிடம் நீர் என்று பேசலாகாது என்று நினைத்திருப்பார்கள். பிலாத்துவிடம் பேசலாமாம், தாயிடம் கூடாதாம். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்று. பழையதில் மரியாள் பேசி முடித்தால் 'என்றாள்'. திருவிவிலியத்தில் 'என்றார்'. எங்கள் அய்யன் உரக்க வாசிக்கும்போது மாதாவின் பேச்சு வருகிற இடத்தில் 'என்றார்கள்' என்று தானாக மாற்றிக்கொள்வார். அம்மாவுக்காகச் செய்தார் என்று சின்ன வயதில் நினைத்தேன். அம்மா இல்லாத இடத்திலும் அப்படியே வாசித்தார்.

மார்ச் 6, பிற்பகல்

மறந்துவிட்டேன். 'நீர்' என்பதைக் கொங்கில் யாரும் யாரையும் பார்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் அது பேச்சில் இருக்கிறது. நமக்கு நீங்கள்தான். அதிலும் அந்த 'ங்க' வாக்கியத்தின் வால் வரை ஒட்டிக்கொண்டே வரும்: ஏனுங்க, ஆமாங்க, இல்லீங்க. மூன்று வயதுக் குழந்தையிடமும் "வாங்க சாமி, சாப்பிடுங்க." 1830-இல் லண்டன் மிஷன் பாதிரியார் ஆடிஸ் கோயம்புத்தூருக்கு வந்த காலத்திலும் சரி, இன்றும் சரி, இந்தப் பக்கத்துச் சபையில் 'நீர்' ஞாயிற்றுக்கிழமைச் சொல்தான். என் மாணவி ஒருத்தி ஐந்தாம் வகுப்பு வரை 'நீர் நல்லவர்' என்றால் தண்ணீர் நல்லது என்றே நினைத்திருந்தாள்.

மார்ச் 7

பொள்ளாச்சி வாசகர் ஒருவர் என்னைப் பிடித்துவிட்டார். "அம்மணி என்று மனைவியைச் சொல்லலாம், மகளை, தங்கையை, முகம் தெரியாத பெண்ணைச் சொல்லலாம். தாயை எந்த மகன் அம்மணி என்று கூப்பிடுவான்?"

உண்மை. நான் எழுதியது தவறு. என் மகன் என்னை அம்மணி என்றால் எனக்கே திக்கென்று இருக்கும். மரியாதைக் குறைவு என்று தோன்றாது. யாரோ போலப் பேசுகிறானே என்று தோன்றும்.

அதே நேரம், இது எனக்குப் புதிதாக ஒன்றைக் காட்டிவிட்டது. கிரேக்கத்திலும் நிலைமை அதுதான். 'குனாய்' வெளிப் பெண்ணுக்குக் கண்ணியமான சொல். ஆனால் பெற்ற தாயை மகன் அப்படி அழைப்பது கிரேக்க இலக்கியத்திலும் வழக்கம் இல்லை. அப்படியென்றால் 'ஸ்திரீயே' என்று எழுதியவர்கள் சொல்லின் விறைப்பைக் காத்திருக்கிறார்கள், அதன் கண்ணியத்தை விட்டுவிட்டார்கள். 'அம்மா' என்று எழுதியவர்கள் கண்ணியத்தைக் காத்து, அதில் இருந்த விலகலைத் துடைத்துவிட்டார்கள். 'அம்மணி' இரண்டையும் தாங்கும். மகன் சொல்லக் கூடாத சொல் என்பதனாலேயே அது பொருந்துகிறது.

அச்சிட யாரும் ஒப்பமாட்டார்கள், தெரியும்.

மார்ச் 9

பெருந்துறை மாமியாருக்கு ஒரு வசனம். 1 இராஜாக்கள் 2:19. பத்சேபாள் உள்ளே வருகிறாள். சாலொமோன் ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்து, எதிர்கொண்டு வந்து, தாயை வணங்குகிறான். பிறகு தன் வலதுபுறத்தில் அவளுக்கு ஓர் ஆசனம் போடச் சொல்கிறான். கேட்கவந்த காரியத்தை அவன் தரவில்லை, அது வேறு கதை. எழுந்து நின்றானா இல்லையா?

மார்ச் 11

முறை பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஈசாக்கு ரெபெக்காளைக் கட்டியது என்ன முறை?" இதற்கு எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே ஒருமுறை பஞ்சாயத்து நடந்தது.

எதிர்வீட்டு அக்கா ஓதாளர் கூட்டம். கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் பங்காளி பங்காளிதான், அந்தப் பெண் தங்கைதான். அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், ஊரிலிருந்து வந்திருந்தார். பேச்சு எப்படியோ ஆபிரகாம் தன் மகனுக்குப் பெண் தேடியதில் வந்து நின்றது. 'என் இனத்தாரிடத்துக்குப் போய்ப் பெண்கொள்' என்று வேலைக்காரனை அனுப்பினார் அல்லவா? அக்கா, "எந்த வழி இனம்?" என்று கேட்டார்.

அமுச்சி பல்லாங்குழிப் புளியங்கொட்டையைக் கொட்டினார். மேலே ஒரு கொட்டை, தேராகு. அதன் கீழே மூன்று: ஆபிரகாம், நாகோர், ஆரான். ஆபிரகாமுக்குக் கீழே ஈசாக்கு. நாகோருக்குக் கீழே பெத்துவேல். பெத்துவேலுக்குக் கீழே லாபானும் ரெபெக்காளும். அக்கா குனிந்து பார்த்தார். ஒரு விரலால் ஈசாக்கையும் பெத்துவேலையும் தொட்டார். "இவர்கள் இரண்டு பேரும் அண்ணன் தம்பி." விரல் கீழே இறங்கியது. "அப்படியென்றால் இந்தப் பெண் இவனுக்கு மகள்!" கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். ஓதாளர் வீட்டில் இப்படி ஒரு பேச்சு எடுத்தால் எடுத்தவனைத் திண்ணையில்கூட உட்காரவிட மாட்டார்கள்.

அமுச்சி அசரவில்லை. நாகோர் கட்டியது மில்க்காளை, தன் அண்ணன் தம்பியான ஆரானின் மகளை. இன்னொரு கொட்டையை நகர்த்தி அதையும் காட்டினார். சாராள் ஆபிரகாமுக்குத் தகப்பன் வழித் தங்கை என்று ஆதியாகமம் 20-இல் அவரே சொல்கிறார். அக்கா இரண்டாம் முறை உட்காரவே இல்லை.

பிறகுதான் அமுச்சி யாக்கோபுக்கு வந்தார். ரெபெக்காளின் மகன் யாக்கோபு. ரெபெக்காளின் அண்ணன் லாபான். லாபானின் மகள் ராகேல். "மாமன் மகள்!" என்றார் அக்கா. முகம் மலர்ந்துவிட்டது. உரிமைப் பெண். கிணற்று வாயிலிருந்த கல்லைத் தனியாளாகப் புரட்டி, மாமன் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, பெண்ணைப் பார்த்து அழுதானாம் என்று அமுச்சி சொன்னபோது, "அழாமல் இருப்பானா, எத்தனை தூரம் நடந்து வந்தான்" என்றார் அக்கா. லாபான் ராத்திரியில் மூத்தவளைக் கொண்டுவந்து விட்டு ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டு, மூத்தவளிருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்றதையும் அவர் நியாயம் என்றே சொன்னார்.

எண்ணாகமத்தில் செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள், தகப்பன் சொத்து கோத்திரம் விட்டுப் போகாமலிருக்க, சித்தப்பா பெரியப்பா மகன்களைக் கட்டிக்கொண்ட கதையை அமுச்சி அன்றைக்கு எடுக்கவில்லை. நல்லவேளை.

மார்ச் 12

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. புளியங்கொட்டையை நானே எடுத்து அடுக்கிப் பார்த்தேன்.

ஆதியாகமம் 29:15. பழைய மொழிபெயர்ப்பில் லாபான் யாக்கோபிடம் சொல்வது: "நீ என் மருமகனாயிருப்பதினால், சும்மா எனக்கு வேலைசெய்யலாமா?" சகோதரி மகன் மருமகன்தானே, சரியாகத்தான் சொல்கிறான் என்று இத்தனை வருடம் கடந்துபோயிருக்கிறேன். எபிரேயத்தில் அங்கே மருமகன் இல்லை. 'நீ என் சகோதரன்' என்றுதான் இருக்கிறது. அந்த மொழியில் சகோதரன் என்பது நெருங்கிய உறவினன் எவனுக்கும் ஆகும். லோத்து அண்ணன் தம்பி மகன், அவனிடமே ஆபிரகாம் 'நாம் சகோதரர்' என்கிறார். மாமன் வாயில் 'சகோதரன்' வந்தால் தமிழ்க் காது பொறுக்காது என்று மொழிபெயர்த்தவர்கள் மாற்றிவிட்டார்கள்.

ஆனால் கொட்டையைப் பாருங்கள். தகப்பன் வழியில் ஈசாக்கும் பெத்துவேலும் பங்காளிகள். ஈசாக்கின் மகன் யாக்கோபு, பெத்துவேலின் மகன் லாபான். எங்கள் கணக்கிலேயே அவர்கள் அண்ணன் தம்பி! லாபான் சொன்னது தமிழ் முறைப்படியும் சரி. தாய் வழியில் மருமகன், தகப்பன் வழியில் சகோதரன். நம் ஊரில் இப்படி இரண்டு வழி உறவு வந்துவிட்டால் எந்த வழியை எடுத்துக்கொள்கிறோம் என்பதை வைத்துத்தான் பெண் கொடுப்பதும் மறுப்பதும். மொழிபெயர்த்தவர்கள் தாய் வழியை எடுத்து ராகேலை முறைப்பெண் ஆக்கினார்கள். அந்த ஒரு சொல்லை மாற்றாமல் விட்டிருந்தால் எதிர்வீட்டு அக்கா யாக்கோபையும் திண்ணையை விட்டு இறக்கியிருப்பார்.

நேற்று 'மாமன் மகள்' என்று நான் முடித்தது பாதிக் கணக்கு.

மார்ச் 15

"பூமியிலே ஒருவனையும் உங்கள் பிதா என்று சொல்லாதிருங்கள்" என்ற வசனத்தைக் காட்டி, கத்தோலிக்கர் மட்டும் ஃபாதர் என்கிறார்களே என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். நம் சபையில் போதகரை என்னவென்று கூப்பிடுகிறீர்கள்? ஐயா. கொங்கில் அய்யன் என்றால் யார்? பெற்ற தகப்பன். பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள்.

மார்ச் 17

இயேசுவின் சகோதரர்கள். கேட்பார்கள் என்று தெரியும், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டுக்குள்ளேயே தீராத வழக்கு இது.

மாற்கு 6:3: யாக்கோபு, யோசே, யூதா, சீமோன், பெயர் சொல்லப்படாத சகோதரிகள். மரியாள் பெற்றவர்கள் என்றார் 4-ஆம் நூற்றாண்டில் எல்விதியுஸ். இல்லை, சின்னம்மா பெரியம்மா வழிப் பிள்ளைகள் என்று மறுத்து எழுதினார் எரோணிமுஸ். யோசேப்பின் முதல் தாரத்துப் பிள்ளைகள் என்றார் எப்பிபானியுஸ். அய்யன் முதல் கட்சி, அமுச்சி இரண்டாம் கட்சி. மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள், அம்மா நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பதிலை அந்தப் பக்கம் சொல்வார். "கிரேக்கத்தில் அதற்குத் தனிச் சொல் இருக்கிறது என்று சொல்லு." கொலோசெயர் 4:10-இல் மாற்கு பர்னபாவுக்கு 'அனெப்சியோஸ்' என்று வருகிறதே, அதைச் சொல்கிறார். "உன் வீட்டுக்காரர் சித்தப்பா மகனை என்னவென்று கூப்பிடுகிறார் என்று கேள்." தம்பி என்று. வேறென்ன சொல்வார்?

கிரேக்கச் சொல்லைப் பொறுத்தவரை அய்யன் பக்கம் வலு அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் அமுச்சியின் கேள்விக்குத் தமிழ் பேசும் வீட்டில் பதில் கிடையாது. நம் கல்யாணப் பத்திரிகையில் 'சகோதரர்கள்' என்று அச்சடித்த ஏழு பேரில் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று அச்சகத்தார் கேட்கிறார்களா?

மார்ச் 20

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

லூக்கா 15. கெட்ட குமாரன் கதை. இளையவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் 'தகப்பனே' என்கிறான். பங்கு கேட்கும்போதும் தகப்பனே, திரும்பி வந்து விழும்போதும் தகப்பனே. மூத்தவன் ஒருமுறைகூட அப்படி அழைக்கவில்லை. எடுத்த எடுப்பில், "இதோ, இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து..." தம்பியைத் தம்பி என்றும் சொல்லவில்லை: "உம்முடைய குமாரனாகிய இவன்." தகப்பன் இரண்டையும் திருத்துகிறார். "மகனே" என்று தொடங்குகிறார். "உன் சகோதரனாகிய இவன்" என்று முடிக்கிறார்.

என் சின்ன அண்ணன் கிணற்றுப் பங்கை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு திருப்பூருக்குப் போனான். நான்கு வருடம் கழித்து ஒரு மழைக்கால இரவில் செருப்பு இல்லாமல் வந்து வாசலில் நின்றான். பெரியண்ணன் கட்டுத்தறியில் மாட்டுக்குத் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. அங்கிருந்தே அய்யனிடம் சொன்னான்: "உங்கள் மகன் வந்திருக்கிறார், போய்ப் பாருங்கள்." அதுவரை ஒருநாளும் 'அய்யா' என்று கூப்பிடாமல் பேசியதில்லை அவன். அதைவிட, வாடா போடா என்று பேசும் தம்பிக்கு 'வந்திருக்கிறார்' என்று மரியாதை போட்டான். கொங்கில் கோபம் உச்சிக்கு ஏறினால் மரியாதை கூடும்.

அய்யன் லாந்தரை எடுத்துக்கொண்டு கட்டுத்தறிக்குப் போனார். அவர் சொன்னது எனக்குத் திண்ணை வரை கேட்டது. "சாமி, உன் தம்பி இன்னும் சாப்பிடவில்லையாம்."

அன்றைக்கு எனக்கு லூக்கா 15 நினைவுக்கு வரவில்லை. அய்யனுக்கு வந்ததா என்று கேட்காமலே விட்டுவிட்டேன்.

மார்ச் 22

கெத்செமனேத் தோட்டத்து ஜெபத்தில் இயேசு 'அப்பா' என்றது அப்படியே நம் அப்பாதானே என்று நாலைந்து பேர் எழுதிவிட்டார்கள். ஒலி ஒன்று. அது அரமேயச் சொல், உறவு இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 'அது மழலைச் சொல்' என்று பிரசங்கத்தில் சொல்வார்கள், நானும் ஞாயிறு பள்ளியில் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வளர்ந்த பிள்ளைகளும் சொல்கிற சொல் அது என்று வேதாகம அறிஞர் ஜேம்ஸ் பார் 1988-இல் விளக்கமாக எழுதிவிட்டார். ஐம்பது வயதிலும் நாம் அப்பா என்றுதானே கூப்பிடுகிறோம்? இது தமிழருக்கு விளக்கமே தேவைப்படாத இடம். "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும்."

மார்ச் 26

பெரிய வெள்ளிக்கு, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாவதை என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "ஸ்திரீயே, அதோ, உன் மகன்." பெருந்துறைக் கேள்வி வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரமாக நான் இங்கே எழுதிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

யோவான் 19:25-ஐ மறுபடி படித்தேன். சிலுவையின் அருகே அவருடைய தாய், தாயின் சகோதரி, கிலெயோப்பா மரியாள், மகதலேனா மரியாள். பழைய மொழிபெயர்ப்பில் தாயின் சகோதரியும் கிலெயோப்பா மரியாளும் ஒரே ஆள் போல வருகிறது. ஒரே வீட்டில் இரண்டு பெண்ணுக்கும் மரியாள் என்றா பெயர் வைப்பார்கள் என்று கேட்டு, நான்கு பேர் என்று எண்ணுகிறவர்கள் பலர். அப்படி எண்ணினால், மாற்கு சலோமே என்று சொல்கிற, மத்தேயு 'செபெதேயுவின் குமாரருடைய தாய்' என்று சொல்கிற பெண்தான் அந்தச் சகோதரியாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். செபெதேயுவின் குமாரர் யார்? யாக்கோபும் யோவானும். தாயை இயேசு ஒப்படைத்த சீஷன் யோவான் என்பது சபையின் பழைய மரபு.

இதை முடிவான செய்தி என்று சொல்லவில்லை. ஆனால் அப்படியென்றால், அவன் மரியாளுக்குத் தங்கை மகன், அல்லது அக்கா மகன். நம் பக்கம் ஒரு பெண் தன் அக்கா தங்கை பிள்ளைகளை என்னவென்று சொல்வாள்? மகன் என்றுதான். வேறு சொல்லே நம் பேச்சில் கிடையாது. "அதோ, உன் மகன்" என்பதில் நமக்குப் புதிதாக ஒன்றுமே இல்லை. புளியங்கொட்டையில் அது ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, படிவத்தில் 'நோயாளிக்கு உறவு' என்ற இடத்தில் மகள் என்று எழுதினேன். சீட்டில் இருந்தவர் என் காகிதங்களைப் பார்த்தார். "உங்கள் தாய் பெயர் வேறாக இருக்கிறதே, சொந்த மகளா?" அம்மாவின் அக்கா என்றேன். மகளை அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார். என்ன எழுதுவது? வேறு சொல் எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் 'உறவினர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்ட்ரெச்சரில் இருந்த பெரியம்மா வலியோடு தலையைத் தூக்கி, "என்ன அம்மணி, தகராறா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். படிவத்தை அவர் கண்ணில் காட்டவில்லை.

மார்ச் 29, இரவு

பேசிவிட்டு வந்தேன். வசனத்தைப் பழைய மொழிபெயர்ப்பிலேயே வாசித்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. அய்யனைப் போல 'அவளை' என்பதை 'அவர்களை' ஆக்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். ஆணி அடித்த கையோடு மூச்சுத் திணறுகிறவர், சாவதற்கு முன் தாய்க்கு வீடு ஏற்பாடு செய்துவிட்டுப் போனார் என்பதையும், ஆஸ்பத்திரிப் படிவத்தையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது பெண்கள் பக்கத்தில் பெரியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிவத்தின் கதை இன்றுதான் தெரியும்.

பெருந்துறை வாசகி தன் மகனோடு வந்திருந்தார். பையன் என்னிடம் வந்து, "அவர் அம்மாவை அப்புறமாவது நீங்க என்று சொன்னாரா?" என்று கேட்டான். அந்த ஊர்ப் பேச்சில் நீங்க என்று ஒரு சொல்லே இல்லை சாமி என்றேன். அவன் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போது பெரியம்மா கேட்டார்: "அந்தச் சீஷன் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனானே அம்மணி, அங்கே அந்த அம்மாளை என்னவென்று கூப்பிட்டானாம்?"

எழுதவில்லை என்றேன்.

"அவன் அம்மாவுக்கு அக்காவா, தங்கையா?"

அதுவும் எழுதவில்லை.

பெரியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அதைக்கூடவா எழுதாமல் விட்டார்கள்? பெரியம்மாவா சின்னம்மாவா என்று தெரியாமல் ஒரு பிள்ளை எப்படிக் கூப்பிடும்?"